பாலக்காட்டில் ஸ்கோப் சரிசெய்து தரும் துப்பாக்கிக் கடை: ஒரு மதிப்பீடு

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் நிலக்கடலையும் தென்னங்கன்றும் வைத்திருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதத்தில் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்த பிறகு, துப்பாக்கி உரிமம் உள்ளவர்களை ஊராட்சிகள் அழைக்கத் தொடங்கின. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன். குறி தவறிக் காயம்பட்ட பன்றி படும் வேதனை ஒருபுறம் இருக்க, மறுநாள் காலையில் கடலை பறிக்க வருகிறவர்கள் மீது அது பாயக்கூடும் என்பதால், துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் சற்று விலகியிருந்தாலும் அதை அப்படியே விட்டுவைப்பது பொறுப்பற்ற செயல். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நான் சென்ற, பாலக்காடு நகரிலுள்ள உரிமம் பெற்ற கடையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

என்னுடையது இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான .315 ரைஃபிள். பழைய பிரிட்டிஷ் இராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டின் அமைப்பைத் தழுவிய இந்தத் துப்பாக்கி ஸ்கோப் வைப்பதற்கென்று உருவானதன்று. மேற்புறத்தில் துளையிட்டு, பட்டைகளைப் பொருத்தி, அவற்றின்மேல் வளையங்களை அமைக்க வேண்டும். முன்பு வேறோர் ஊரில் இந்த வேலையைச் செய்துகொடுத்தவர்கள், குண்டு வலப்புறம் விலகுகிறது என்று சொன்ன போதெல்லாம் குறியை இடம் வலமாக நகர்த்தும் ஸ்கோப்பின் பக்கவாட்டுக் குமிழைத் திருகியே அனுப்பினார்கள். கடைசியில் குமிழ் அதன் எல்லையில் போய் நின்றுவிட்டது. குண்டுகளோ அப்போதும் ஓரிடத்தில் சேரவில்லை.

பாலக்காட்டுக் கடையில் வேலை பார்க்கும் பெரியவர் முதலில் குமிழைத் தொடவே இல்லை. உரிமத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் சோதித்த பின், ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, முன்பட்டையின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பார்த்தார். இறுக முடுக்கியிருந்த பட்டைக்கு அடியில் அது தடையின்றி நுழைந்தது. “திருகாணி உள்ளே முட்டி நிக்குது தம்பி, பட்டையைப் பிடிக்கலே” என்றார். துளையின் ஆழத்தைவிட ஆணி நீளமாக இருந்ததால், கைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த உதைப்பில் பட்டை நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆணியின் நுனியைச் சிறிது அராவி, துளையிலிருந்த எண்ணெயை முழுவதும் துடைத்து, ஆணி தளராமல் பிடித்துவைக்கும் மரைப்பசை தடவி, முறுக்குவிசையை அளந்து காட்டும் திருப்புளியால் முடுக்கினார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை என்பதற்காகவே இந்தக் கடையைப் பாராட்டுகிறேன். நேரான எஃகுத் தண்டில் தேய்ப்புப் பசை பூசி, வளையங்களின் கீழ்ப்பாதிகளில் வைத்து அவர் உருட்டியபோது, முன்வளையத்தில் இடப்பக்கமும் பின்வளையத்தில் வலப்பக்கமும் மட்டுமே தண்டு உரசி வெளுத்தன. இரண்டு வளையங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஸ்கோப்பின் குழாயை நெரித்துக்கொண்டிருந்தன என்பதை அதற்குமேல் யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. உட்புறம் சீராக வெளுக்கும்வரை பொறுமையாகத் தேய்த்தார்.

குமிழ்களுக்கு வந்தது அதன் பிறகுதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, திருப்பும்போது கேட்கும் சொடுக்குகளை எண்ணி, குமிழைச் சரிபாதியில் கொண்டுவந்து நிறுத்தினார். ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியைச் சாயாமல் நிறுத்தி, எதிர்ச்சுவரில் தொங்கவிட்ட தூக்குக்குண்டின் நூலோடு ஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டைப் பொருத்தினார். குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, அதன் பின்வழியே பார்த்துச் சுவரிலிருந்த கரும்புள்ளியை நடுவில் கொண்டுவந்து, துப்பாக்கி அசையாதபடி குறுக்குக்கோட்டையும் அதே புள்ளிக்குத் திருப்பினார். இது தோராயமான ஒழுங்குதான், மிச்சத்தைச் சுட்டுப் பார்த்தே முடிக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

சுடுதளத்தில் 50 மீட்டரில் வைத்துப் பார்த்தேன். என் ஸ்கோப்பின் ஒரு சொடுக்கு 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டரும், 50 மீட்டரில் அதில் பாதியும் குறியை நகர்த்தும். ஒற்றைக் குண்டை நம்பிக் குமிழைத் திருகாமல், மூன்று குண்டுகள் சுட்டு அவற்றின் நடுவைக் கணக்கில் எடுத்துத் திருத்தியதில், சில சொடுக்குகளிலேயே குறி சேர்ந்தது. இப்போது மூன்று குண்டுகளும் ஓர் எலுமிச்சம்பழம் மறைக்கும் இடத்துக்குள் விழுகின்றன.

குறைகளும் உண்டு. மாற்று வளையங்கள் கடையில் இருப்பு இல்லை; தேய்மானம் அதிகமாக இருந்தால் வெளியிலிருந்து வரவழைக்கக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு முறுக்குவிசையில் முடுக்கினார் என்பதை ரசீதில் எழுதித் தருவதில்லை. அடுத்த முறை சரிபார்க்க அந்த எண் அவசியம் என்பதால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 100 கெஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பில் அதைவிட அருகில் குறிபார்க்கும்போது, கண் நடுவிலிருந்து விலகினால் குறியும் சற்று விலகித் தெரியும் என்பதை அவர் சொல்லியிருக்கலாம். இரவில் டார்ச் வெளிச்சத்தில் சுடுகிறவர்களுக்கு அது முக்கியமானது. கூலி 1,800 ரூபாய் வாங்கினார்கள். செய்த வேலைக்கு அது நியாயமே. தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வருகிறது. போகிறவர்கள் உரிமத்தின் அசலையும், முன்பு ஸ்கோப் பொருத்தியபோது மிஞ்சிய ஆணிகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.