பனையோலைக் கொட்டானை ஆன்லைனில் விற்ற ஏழு வருடம்

தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். அம்மா, பெரியம்மா, தெருவில் இன்னும் ஒன்பது பெண்கள் முடைகிற ஓலைக் கொட்டான்களையும் (தாம்பூலம் போட்டுத் தருகிற சின்னக் கூடைகள்) பெட்டிகளையும் 2019 முதல் போன் வழியாகவே விற்றுவருகிறேன். "கைவேலைப் பொருளை ஆன்லைனில் எங்கே விற்கலாம், எதில் ஆரம்பிக்கலாம்?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆளைக் காட்டியது இன்ஸ்டாகிராம். காசைக் கொண்டுவந்தது வாட்ஸ்அப். இரண்டையும்விட என்னைக் காப்பாற்றியது, வாங்கியவர்களின் பெயரும் எண்ணும் எழுதிவைத்த ஒரு நாற்பது பக்க நோட்டு. அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் தாம்பூலப் பைக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று பலர் தேடிக்கொண்டிருந்த நேரம். அந்தத் தை மாதம் அம்மா முடைந்த நாலு கொட்டானைத் திண்ணையில் அடுக்கி, படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். விற்கிற எண்ணமே கிடையாது, அழகாக இருந்ததால் வைத்தேன். மதுரையில் இருக்கும் கல்லூரித் தோழி, அக்கா வளைகாப்புக்கு 80 வேண்டும் என்றாள். அங்கிருந்து ஆரம்பம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு அந்த வருடக் கடைசியில் மாறினேன். கேட்டலாக் வசதி அப்போதுதான் வந்திருந்தது. படம், அளவு, விலை மூன்றையும் ஒருமுறை ஏற்றிவிட்டால் ஒவ்வொருவருக்கும் இருபது படம் அனுப்புகிற வேலை மிச்சம். லேபிள் வசதியை நான் மிகவும் நம்புகிறேன்: விசாரணை, அட்வான்ஸ் வந்தது, முடைகிறது, அனுப்பியாச்சு என்று நாலு நிறம். காலையில் போனைத் திறந்ததும் யாருக்கு என்ன பாக்கி என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் பார்சலுக்குள் வைக்கிற சின்னத் தாளில், "இந்த எண்ணை 'ஓலைக்கொட்டான்' என்று சேமித்துக்கொள்ளுங்கள்" என்று எழுத ஆரம்பித்தேன். பழைய ஆட்கள் திரும்ப வாங்குவது அதன் பிறகுதான் கூடியது.

படம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வருடத்தில் வந்த சண்டைகளில் பாதி படத்தால் வந்தவை. நாலு அங்குலக் கொட்டானைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் போனில் பழக்கூடை மாதிரி தெரியும். "இவ்வளவு சின்னதா?" என்று பார்சல் பிரித்தவர்கள் கேட்டார்கள். கீழே எழுத்தில் அளவு போட்டிருக்கிறேன்தான், அதை யாரும் படிப்பதில்லை. இப்போது ஒவ்வொரு கொட்டானுக்குப் பக்கத்திலும் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கிறேன். உள்ளே ஒரு தேங்காய் பிடிக்குமா, இரண்டு லட்டு பிடிக்குமா என்று வைத்தே இன்னொரு படம். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைத் திண்ணையில் விரித்து, காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் எடுப்பேன். அந்த வெளிச்சத்தில்தான் குருத்தோலையின் வெளிர்மஞ்சள் அப்படியே வரும், பின்னலின் ஒவ்வொரு கண்ணும் தெரியும். பத்து மணி வெயிலில் ஓலை வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிடும். சாயம் போட்ட ஓலைக்கு ஃபில்டர் போடவே கூடாது. அரக்குச் சிவப்பு படத்தில் ரோஸ் ஆகி, புடவைக்குப் பொருந்தவில்லை என்று நாற்பது கொட்டான் எனக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் 2020-இல் ரீல்ஸ் வந்த பிறகுதான் எங்கள் வேலை வெளியூர்க்காரர்கள் கண்ணில் பட்டது. பெரியம்மா ஓலையின் ஈர்க்கை நீக்கி, மெல்லிய கீற்றாக வார்ந்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, மடியில் வைத்து ஓரம் பொத்துகிற முப்பது நொடி வீடியோவைத்தான் இதுவரை அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்த அந்த வீடியோவால் வந்த ஆர்டர் மூன்று. பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் வேறு, வாங்குகிறவர்கள் வேறு. இது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இன்னொரு விஷயம், விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று போட்டிருந்த காலத்தில் நாள் முழுக்கப் பதில் எழுதினேன், பாதிப் பேர் விலை கேட்டதோடு போய்விட்டார்கள். படத்திலேயே விலையைப் போட்டதும் கேள்வி குறைந்தது, வருகிற கேள்வியெல்லாம் வாங்குகிற கேள்வியாக வந்தது.

பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் பதினாலு மாதம் இருந்தேன், பெயர் வேண்டாம். ஆர்டர் வந்தது உண்மை. கமிஷன், அனுப்பும் செலவு, ரிட்டர்ன் எல்லாம் போக 350 ரூபாய்ப் பெட்டிக்குக் கையில் நின்றது 190. தண்ணீர் பட்டு நிறம் மாறிய பெட்டி "சேதம்" என்று திரும்பி வந்தால் அந்த நஷ்டமும் நமக்கே. ஆயிரம் ஒரே மாதிரி அச்சுப் பொருளுக்கு அந்த ஏற்பாடு சரி. ஒவ்வொன்றும் ஒரு கையின் அளவில் வருகிற பொருளுக்கு அது ஒத்துவராது என்பது என் முடிவு. ஜிஎஸ்டி பற்றிக் கேட்பவர்களுக்கு: பொருள் விற்பனையில் வருட வரவு 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை, ஆனால் தளங்களில் விற்றால் பதிவு கட்டாயம் என்று இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு ஆட்களுக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள். வெளிமாநில விற்பனையில் கைவினைப் பொருட்களுக்குத் தனிச் சலுகை உண்டு, உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருமா என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரியரில் எடையென்றால் தராசு எடை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 30-க்கு 30-க்கு 30 அட்டைப்பெட்டி 5.4 கிலோ ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஓலை முக்கால் கிலோகூடத் தேறாது. காற்றுக்குக் காசு கட்டுகிறோம் என்று அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. அப்புறம் முடைகிற விதத்தையே கொஞ்சம் மாற்றினோம். வாய்ப்பக்கம் அரை அங்குலம் விரிந்தபடி முடைந்தால் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். ஆறு பெட்டியில் போன 300 கொட்டான் இப்போது இரண்டில் போகிறது. மூடிபோட்ட பெட்டிகளை ஐந்து அளவில் அடுக்குப் பெட்டியாக மட்டுமே வெளியூருக்கு விற்கிறேன்.

2021 கார்த்திகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெங்களூருவில் ஒரு கல்யாணம், 300 கொட்டான். மழைக்காலம், ஓலை நன்றாகக் காயவில்லை. நனையக்கூடாதே என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கி ஒட்டி அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பெண்ணின் அம்மா வீடியோ கால் போட்டார். ஒரு கொட்டானை எடுத்து விளக்குக்குக் கீழே திருப்பிக் காட்டினார். மடிப்புக்குள்ளெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சை, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. "நாளைக் கழிச்சு முகூர்த்தம்மா" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. முழுப் பணத்தையும் அன்றே திருப்பிப் போட்டேன். அந்த இரண்டு இரவும் எனக்குத் தூக்கமில்லை. இப்போது ஐப்பசி, கார்த்திகையில் மூன்று வாரத்துக்குக் குறைந்த ஆர்டரை எடுப்பதில்லை. முடைந்த பிறகு இரண்டு நாள் வெயில், மழையென்றால் அடுப்படிப் பரணில் நாலு நாள் சூடு. செய்தித்தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் போட்டு, அட்டைப்பெட்டியில் நாலு துளை இட்டு அனுப்புகிறேன். பிளாஸ்டிக் கவர் அட்டைப்பெட்டிக்கு வெளியே மட்டும். இரண்டு வருடம் கழித்து அதே அம்மா மகளின் வளைகாப்புக்கு 150 கேட்டார். நோட்டில் அவர் எண் இருந்ததால், அவர் பேரைச் சொல்லியே போனை எடுத்தேன்.

கைவேலைப் பொருட்களை வெளிநாட்டுக்கு விற்க உதவும் எட்ஸி தளம் பற்றிச் சுருக்கமாக. ஒரு பொருளைப் பட்டியலிட நாலு மாதத்துக்கு 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ஏற்றுமதிக்கு ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவர்களுக்கு அரசு தருகிற எண்) வாங்க வேண்டும், 500 ரூபாய், ஆன்லைனிலேயே கிடைக்கும். ஒரு பொருளுக்கு 13 டேக், அதாவது தேடுகிறவர்கள் கண்ணில் படவைக்கும் சொற்கள், போடலாம். "கூடை" என்று பொதுவாகப் போடுவதைவிட, எதற்காக வாங்குவார்கள் என்று நினைத்துப் போட்டது பலன் தந்தது. விசிறியும் தட்டையான ஓலைப் பாய்த்துண்டும்தான் வெளிநாட்டுக்குப் போயின, தட்டையாக இருப்பதால் அனுப்புவது மலிவு. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் நின்றதும் அந்த நாட்டை எடுத்துவிட்டேன். சிங்கப்பூர், மலேசியாவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

விலை. முதல் வருடம் ஒரு கொட்டானை 18 ரூபாய்க்கு விற்றேன், உள்ளூர் வியாபாரி 12 தருகிறார் என்பதால் அதுவே அதிகம் என்று நினைப்பு. பெரியம்மா ஒருநாள் ஓரம் பொத்திக்கொண்டே கேட்டார்: "ஏட்டி, களையெடுக்கப் போனாக்கூட இதவிடக் கூடக் கெடைக்கும்லா?" அன்றைக்கு உட்கார்ந்து கடிகாரம் வைத்துப் பார்த்தேன். வார்ந்த ஓலை கையில் இருந்தால் முடைய 25 நிமிடம், ஓரத்துக்கு 10. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். இப்போது என் கணக்கு அதிலிருந்து தொடங்குகிறது. 336-ஐப் பன்னிரண்டால் வகுத்து முடைகிறவருக்கு 28, ஓலைக்கும் சாயத்துக்கும் 6, கட்டுவதற்கு 3, எனக்கு 8, ஆக 45. விலை ஏற்றினால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று பயந்தேன். பேரம் பேசுகிறவர்கள் மட்டும்தான் போனார்கள். "ஒரு கொட்டானுக்கு 35 நிமிடம்" என்று கேட்டலாக்கில் எழுதியதும் பேரமே பெரும்பாலும் நின்றது.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி மழை. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், தைக் கல்யாணங்களுக்கு முடைந்து வைத்திருந்த 600 கொட்டானும் ஊறிப்போயின. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, என் போனும் தண்ணீரில் போய்விட்டது. நோட்டு பரணில் மூடிப் பெட்டிக்குள் இருந்தது. சிக்னல் வந்த அன்று மச்சான் போனிலிருந்து, அட்வான்ஸ் தந்திருந்த பதினொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒன்பது பேர் காத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு முகூர்த்தம் கிட்டத்தில் இருந்ததால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போன் போனால் எண்கள் போகும், தளம் கணக்கை முடக்கினால் ஆட்கள் போவார்கள். அப்படி ஒரு தளத்தில் நானும் காரணம் தெரியாமல் மூன்று வாரம் முடங்கிக் கிடந்திருக்கிறேன். கையால் எழுதியது அங்கேயே இருக்கும்.

இப்போது என் கவலை விற்பது பற்றி இல்லை. ஒரு பனையில் ஒரு நேரத்தில் குருத்தை அளவோடுதான் எடுக்கலாம், மிஞ்சி எடுத்தால் மரம் நலிந்துவிடும். எங்களுக்குக் குருத்து வெட்டித்தருகிற அண்ணனுக்கு 58 வயது, மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் ஏறுகிறார். அந்த ஓலையில் மாதத்துக்கு 800 கொட்டான் வரும், அதற்கு மேல் வராது. 800 நிறைந்ததும் கேட்டலாக்கில் "இந்த மாதம் முடிந்தது" என்று போட்டுவிடுகிறேன். விளம்பரத்துக்குக் காசு போடுவதையும் இரண்டு வருடமாக நிறுத்திவிட்டேன்.