பத்திலேயே இருப்பதா, பதினொன்றுக்குப் போவதா, லினக்ஸுக்குத் தாவுவதா?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. மறுநாள் காலை எந்தக் கணினியும் திறக்க மறுக்கவில்லை. பிரவுசர் ஓடியது, பிரின்டர் அச்சடித்தது, கோப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. பலரும் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதற்கு இந்த அமைதிதான் காரணம்.

பத்து நல்லதா பதினொன்று நல்லதா என்று ஆரம்பித்தால் பேச்சு முடியவே முடியாது. உங்கள் கணினியின் பிராசஸர் எந்தக் காலத்தது, எந்த மென்பொருள் இல்லாமல் உங்களுக்கு வேலை ஓடாது என்ற இரண்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி முடிவு அங்கேயே வந்துவிடும்.

சும்மா விட்டுவிட்டால் என்ன ஆகும்?

இதை முதலில் பேசிவிடுவோம். வேறு எதையும் செய்யாதவர்கள் எல்லோரும் இந்த வழியில்தான் இருக்கிறார்கள்.

ஆதரவு முடிந்ததால் இயங்குதளத்தில் புதிதாக ஓட்டை விழுவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஓட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியவரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-இன் உள் பதிப்பு எண் இன்னமும் 10.0 என்றுதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் அடித்தளம் பெருமளவு ஒன்றே. பதினொன்றில் ஒரு குறையைச் சரிசெய்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டதும், திருத்தத்துக்கு முந்தைய ஃபைலையும் பிந்தைய ஃபைலையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை பத்திலும் இருந்தால், அங்கே அது மூடப்படாமல் கிடக்கும். மாதாமாதம் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்கள் வரும்போதெல்லாம் இதே கதைதான்.

2017 மே மாதத்தில் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸை நினைவிருக்கலாம். எல்லோரும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத் திட்டினார்கள். ஆனால் அந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் கையருகே இருந்தும் போடப்படாதவை. அதனால்தான் இயங்குதளத்தின் வயதைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. கடைசியாக எப்போது திருத்தம் போட்டது என்பதைத்தான் பார்க்கிறேன்.

"டிஃபெண்டர் இன்னும் அப்டேட் ஆகிறதே" என்பார்கள். உண்மை. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் வரையறைகள் விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் அதே மாதம் வரை உண்டு. இதை வைத்து நிம்மதி அடைவதுதான் தவறு. ஆன்டிவைரஸ் தனக்கு அடையாளம் தெரிந்த கெட்ட ஃபைலைப் பிடிக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

இணையமே இல்லாமல் ஏதோ ஒரு பழைய ஸ்கேனரையோ இயந்திரத்தையோ ஓட்டிக்கொண்டிருக்கும் கணினியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் கண்ட பென்டிரைவைச் செருகாமல் இருந்தால் போதும்.

காசு கொடுத்தோ கொடுக்காமலோ ஒரு வருடம்

நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் சேர்ந்தால் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும் என்பது அறிவிப்பு. 30 டாலர் கட்டலாம், 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டு இலவசமாகச் சேரலாம். கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். ஒரே உரிமத்தில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். நிறுவனங்களுக்கு வேறு கணக்கு: கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்.

இதில் புதிய வசதி எதுவும் வராது. அது ஒரு குறையே அல்ல. 22எச்2-வோடு பத்தின் வடிவம் உறைந்துவிட்டது, மெனு இடம் மாறாது, பட்டன் காணாமல் போகாது. வேலைக்காகக் கணினி வைத்திருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் காலக்கெடு முடிந்தால் மறுபடி இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். அந்த அவகாசத்துக்குள் என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்தவருக்கு இது நல்ல வழி. தெரியாதவருக்கு இதுவும் தள்ளிப்போடுதல்தான்.

பத்தும் பதினொன்றும் கையில் எப்படி இருக்கின்றன

பதினொன்றில் எனக்குப் பிடித்தவை சின்னச் சின்ன விஷயங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்திருக்கிறது. இரண்டாவது மானிட்டரைக் கழற்றி மறுபடி மாட்டினால் விண்டோக்கள் பழைய இடத்துக்கே போய்ச் சேர்கின்றன. திரையைப் பாகம் பிரித்து விண்டோக்களை அடுக்கும் வசதி பத்தில் இருந்ததைவிட எவ்வளவோ மேல். ரார், 7-ஜிப் கோப்புகளை வேறு மென்பொருள் இல்லாமலே திறக்கிறது. இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை தொடங்கி வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு வகை கலந்த பிராசஸர்கள் வருகின்றன. எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுப்பது என்பதைப் பதினொன்று நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. அந்த மாதிரி பிராசஸர் வைத்துக்கொண்டு பத்தில் இருப்பது வீண்.

பாதுகாப்பில் மெமரி இன்டெக்ரிட்டியைச் சொல்ல வேண்டும். கெர்னலுக்குள் நுழையும் டிரைவர்களை ஒரு தனி மெய்நிகர் அடுக்கு சரிபார்க்கும் ஏற்பாடு இது. பத்திலும் இருந்தது, ஆனால் அணைத்தே இருந்தது. பதினொன்று புதிய கணினிகளில் அதை இயல்பாகவே இயக்கிவைக்கிறது. பழைய பிராசஸரில் இதற்குக் கொஞ்சம் வேகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழப்புகளும் உண்டு. பத்தில் டாஸ்க்பாரைத் திரையின் எந்த ஓரத்திலும் வைக்கலாம். பதினொன்று அதைக் கீழே ஆணியடித்து வெளிவந்தது. டாஸ்க்பாரில் விண்டோக்களைத் தனித்தனியாகக் காட்டும் பழைய முறை பதினொன்றின் 23எச்2 பதிப்புக் காலத்தில்தான் திரும்பி வந்தது. ரைட் கிளிக் செய்தால் பாதி மெனு, மீதிக்கு இன்னொரு கிளிக். ஹோம் பதிப்பை அமைக்கும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. வேர்ட்பேட் 24எச்2-வில் எடுக்கப்பட்டுவிட்டது. இவையெல்லாம் எரிச்சல் ரகம். இரண்டு வாரத்தில் பழகிவிடும், அல்லது பழகாமல் திட்டிக்கொண்டே ஓட்டுவோம்.

பழகித் தீராத இழப்பு ஒன்று இருக்கிறது. பதினொன்றுக்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் மென்பொருள் ஓடாது. 32-பிட் விண்டோஸ் 10-ஐ வைத்து ஏதாவது பழங்காலக் கணக்கு மென்பொருளை ஓட்டுபவர்கள் பதினொன்றுக்குப் போனால், அந்த மென்பொருள் அன்றோடு சரி.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. 4 ஜிபி ரேம் போதும் என்று தகுதிப் பட்டியலில் எழுதியிருக்கும். நம்பாதீர்கள், 8 ஜிபி இல்லாமல் அங்கே போவது தண்டனை. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறது என்றால் இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் எஸ்எஸ்டி போடுங்கள். பத்துக்கும் பதினொன்றுக்கும் இருக்கும் வேக வித்தியாசம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பதினொன்றுக்குப் போனால் ஒரே முறையில் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஹோம், புரோ இரண்டிலும் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் 24 மாதங்கள்தான் ஆதரவு. 24எச்2-வுக்கு 2026 அக்டோபர் வரை, 25எச்2-வுக்கு 2027 அக்டோபர் வரை.

"தகுதி இல்லை" என்று வந்தால் உடனே நம்பாதீர்கள்

இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் ஏற்பாடு), 64 ஜிபி இடம் ஆகியவைதான் பதினொன்றின் முக்கிய நிபந்தனைகள். ஆனால் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி இல்லை என்று சொல்லும் கணினிகளில் பலவற்றில் டிபிஎம் இருக்கும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் அமைப்புகளில் அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி, ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கினால் வேலை முடிந்தது. டிஸ்க்கைப் பாகம் பிரித்திருப்பது பழைய எம்பிஆர் முறையில் என்றால், தகவல் அழியாமல் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. அதன் பிறகு, செக்யூர் பூட் வேலை செய்ய, பயாஸை அதன் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுக்காதவருக்கு நான் பொறுப்பல்ல.

பிராசஸரே பழையது என்றால் அங்கே பேரம் இல்லை. சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு. நிறுவல் பென்டிரைவ் உருவாக்கும் ரூஃபஸ் மென்பொருள் கொண்டு தயாரித்த பென்டிரைவே அதைச் செய்துவிடும். நன்றாக ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் அதே குறுக்குவழியை நீங்களே மறுபடி செய்ய நேரலாம். 24எச்2 வந்தபோது, எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் தெரியாத மிகப் பழைய பிராசஸர்களில் அது பூட் ஆகவே மறுத்தது. திருத்தம் வேண்டும் என்பதற்காகத்தான் மாறுகிறோம். திருத்தமே நிச்சயமில்லாத இடத்துக்குச் சுவரேறிக் குதித்துப் போவானேன்? இரண்டாவது கணினியில் விளையாடிப் பார்க்க ஓகே. சம்பாதிக்கும் கணினியில் வேண்டாம்.

லினக்ஸ்

பதினொன்றுக்குத் தகுதியில்லாத, ஆனால் நன்றாக உழைக்கும் கணினிக்கு என் முதல் பரிந்துரை, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட். அதன் 22 வரிசை, இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று டிஸ்க்கைத் தொடாமலே சோதித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இல் இப்படி முன்னோட்டம் பார்க்க எளிய வழி இல்லை.

வேலை முழுக்க பிரவுசரில் நடப்பவர் மாறிவிட்டதையே சில நாளில் மறந்துவிடுவார். ஃபோட்டோஷாப், டெஸ்க்டாப் எக்செல், விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்பக் கருவி என்று ஏதாவது ஒன்றில் பிழைப்பு இருந்தால் லினக்ஸ் உங்களுக்கு இல்லை. லிப்ரே ஆஃபிஸ் எக்செல் ஃபைலைத் திறக்கும், மேக்ரோக்கள் நிறைந்த ஃபைலில் தடுமாறும். விளையாட்டுகளில் ஸ்டீம் விளையாட்டுக் கடையின் புரோட்டான் (விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியே ஏராளமானவை ஓடுகின்றன. வேலரன்ட் போல, ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கக் கெர்னலுக்குள் காவல் வைக்கும் விளையாட்டுகள் ஓடா.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸ் 11-லேயே இருக்கின்றன. லினக்ஸில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் தமிழ்99-உம் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். தட்டச்சு பிரச்சினையே இல்லை, எழுத்துருதான் பிரச்சினை. லதா, விஜயா இரண்டும் விண்டோஸ் 10, 11-இல் இயல்பாக நிறுவப்படாமல் போகலாம். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைத் தேடிப் போட வேண்டும். லினக்ஸில் அவை கிடையாது. லதாவில் பக்கம் அமைத்த ஆவணத்தை அங்கே திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, வரிகளும் பக்கங்களும் இடம் மாறிவிடும். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பழைய கோப்புகள் இருந்தால், டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பேக்கப் எடுத்துவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாமல் அந்தக் கோப்பு வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும்.

மாறுவதாக முடிவெடுத்தவர்களுக்கு

தகுதியுள்ள கணினியாக இருந்தால் பதினொன்றுக்குப் போய்விடுங்கள் என்பதுதான் என் பதில். பத்திலிருந்து நேரடியாக அப்கிரேட் செய்தால் மென்பொருள்களும் ஃபைல்களும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் திரும்பி வரலாம். அதற்குப் பிறகு பழைய விண்டோஸ் ஃபோல்டர் அழிக்கப்பட்டுவிடும். ஆகவே பிரின்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் அந்த நாட்களுக்குள்ளேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் தேவைப்படும் மென்பொருளைத்தான் எல்லோரும் சோதிக்க மறப்பார்கள்.

எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக நிறுவுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 24எச்2 முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்தால் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. அதற்கான மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்படும். பின்னொரு நாள் பயாஸ் மாற்றத்துக்குப் பின் கணினி அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்டால், எப்போதோ உருவாக்கி மறந்துபோன கணக்குக்குள் நுழைந்தால்தான் உங்கள் ஃபைல் உங்களுக்கு. நிறுவிய அன்றே சாவியைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்து வையுங்கள்.

தகுதி இருந்தும் விண்டோஸ் அப்டேட்டில் பதினொன்று வரவில்லையா? ஒத்துப்போகாத டிரைவரோ மென்பொருளோ இருப்பது தெரிந்தால், அது சரியாகும்வரை அந்த வகைக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அப்கிரேடை நிறுத்திவைப்பது வழக்கம். அந்த நேரத்தில் விண்டோஸ் நிறுவலுக்கான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி வலுக்கட்டாயமாக நிறுவ வேண்டாம். நீட்டித்த திருத்தத் திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, அப்டேட் தானாக வரும்வரை பத்திலேயே வேலையைப் பாருங்கள்.