சாவி வாங்கும் முன் வீட்டைத் தட்டிப் பார்க்க ஆள்: காசு செல்லுமா?

பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் பதினெட்டு மாடி டவரில் பதினோராவது மாடி எங்களுடையது. பத்து நாளைக்கு ஒரு தளம் என்று ஏறியதைப் பார்த்துவிட்டு, சேலத்தில் சொந்த வீட்டைத் தானே நின்று கட்டிய என் மாமனார், "தளம் போட்டா காங்கிரீட் இறுகப் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணுமே மாப்ள, இவங்க எப்ப நிறுத்துனாங்க?" என்று கேட்டதிலிருந்து தூக்கம் போயிற்று. அதனால்தான் ஒன்பதாயிரம் கொடுத்து இந்த இன்ஸ்பெக்‌ஷன் சேவையைக் கூப்பிட்டேன்.

இரண்டு பையன்கள், ஒருவர் தர்மபுரிக்காரர். நுனியில் குண்டு வைத்த கம்பியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினார்கள். நல்லதென்றால் 'டொக்', அடியில் பொக்காக இருந்தால் 'டப்டப்'. பதினான்கு டைல்ஸ் டப்டப். பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அது ஜாலிக்குப் போகாமல் வாசல்படிக்கு வந்து நிற்கிறது, வாட்டமே விடவில்லை! சமையலறையில் ஒரு பிளக்கில் எர்த் இல்லை. லேசரில் அளந்த கார்பெட் ஏரியா மட்டும் சரியாக வந்தது (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு; ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கணக்கில் உள்சுவர் சேரும், பால்கனி சேராது).

சைட் இன்ஜினியர் முதலில் "எல்லா பில்டிங்கும் இப்படித்தான் சார்" என்றார். ரிப்போர்ட்டை மெயிலில் போட்டு, கட்டுமானக் குறைகளை 5 வருடம் வரை, சொன்ன 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய ரெரா சட்டம் சொல்வதையும் எழுதினேன். மூன்று வாரத்தில் வாட்டம் சரியானது, டைல்ஸில் மூன்று பாக்கி.

குறை என்றால், 62 பக்க ரிப்போர்ட்டில் பாதி பெயின்ட் திட்டுதான். மறுபடி வந்து பார்க்கத் தனிக் காசு.

அப்புறம், இவர்கள் நம் நான்கு சுவருக்குள் மட்டும்தான். பெங்களூருக்கான காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறந்தாயிற்று, எங்கள் டவருக்கு இன்னும் லாரித் தண்ணீர்தான். ஓ.சி. (குடியேறலாம் என்ற சான்றிதழ்) இல்லாமல் கரன்ட், தண்ணீர் இணைப்பு கூடாதென்று அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அந்தச் சான்றிதழையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பால்கனியில் நின்றால் ஆறு கிரேன் தெரிகிறது. அத்தனையும் முடிந்தால் வாடகைக்கு யார் வருவார்கள், விற்றால் போட்ட காசாவது தேறுமா? அதைத் தட்டிப் பார்க்கக் கம்பி இல்லை.

ஐந்துக்கு மூன்றரை. கடைசித் தவணை கட்டுவதற்கு முன்பே கூப்பிடுங்கள், வெளியாட்களை உள்ளே விட பில்டரிடம் மெயிலில் சம்மதம் வாங்கி வையுங்கள். எங்களை கேட்டிலேயே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள்.