மாவுப்பூச்சி பார்க்கக் கைப்பேசியா, கைலென்ஸா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பப்பாளி, செம்பருத்தி, கொய்யா மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. மூன்றிலும் வெள்ளை அப்பிக் கிடந்தது. கைப்பேசிச் செயலியில் படம் பிடித்தேன். இலவசம், நொடியில் பதில். ஆனால் மூன்றுக்கும் ஒரே பதில்: மாவுப்பூச்சி. அதில் எந்த இனம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல செயலி எதற்கு?

அப்புறம் 12 வெள்ளிக்கு பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன். இப்போது என் கட்சி லென்ஸ்தான்.

காரணம், அந்த மாவு. அது வெறும் மெழுகுப் பூச்சு. நம் ஊர் சாயங்கால மழை ஒன்று அடித்தால் பாதி கலைந்து, எல்லாப் பூச்சியும் ஒரே ஜாடையாகிவிடும். படத்தில் தெரிவது அந்தப் பூச்சு மட்டுமே. லென்ஸோடு ஒரு ஈர்க்குச்சியும் இருந்தால் அதை விலக்கிப் பார்க்கலாம். கொய்யாவில் இருந்ததற்கு முதுகில் இரண்டு கருங்கோடு, பின்னால் இரண்டு நீள வால்: ஃபெரிசியா விர்காட்டா என்ற இனம். செம்பருத்தியில் நுனி சுருண்டிருந்தது. நசுக்கினால் இளஞ்சிவப்புச் சாறு: மகோனெல்லிகாக்கஸ் ஹிர்சூட்டஸ். பப்பாளியில் இருந்ததற்கு மஞ்சள் உடம்பு. நாலைந்தை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போட்டு வைத்தேன். இரண்டாம் நாள் மை கொட்டினதுபோல் நீலக்கறுப்பு. மெக்சிகோ பக்கத்திலிருந்து பரவிய பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் அப்படித்தான் நிறம் மாறும். செடியை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, இது செம்பருத்தியிலும் ஏறும்.

பேர் தெரிந்து என்ன லாபம் என்பார்கள். 2010-இல் இந்தியாவில் இந்தப் பப்பாளிப் பூச்சியை அடக்க இறக்கிய அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவி, கொய்யாவில் இருக்கும் வரிக்காரனைத் தொடாது.

செயலியை நம்பி நான் செய்த பாவம் ஒன்று உண்டு. அது மாவுப்பூச்சி என்று காட்டிய பெரிய வெள்ளைப் புழுக்களை நசுக்கித் தள்ளினேன். அவை மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள். அதே மாதிரி வெள்ளை வேஷம்.

லென்ஸும் எல்லாம் சொல்லாது. குஞ்சுப் பருவத்தில் நானே தடுமாறுகிறேன். இனத்தை உறுதியாகச் சொல்ல, வளர்ந்த பெண் பூச்சியைக் கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் அதன் உடம்பிலுள்ள நுண்துளைகளை எண்ணவேண்டும்; அது ஆய்வுக்கூட வேலை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வெள்ளைப் பூச்சி ஒட்டிய மிளகாய் இலையோடு வந்தார். "மருந்து அடிச்சிரவா தம்பி?"

"இருங்க பெரியம்மா, தொட்டா ஓடுதா பாப்போம்."

ஓடியது. பொறிவண்டுப் புழு.