40 பவுண்ட் சுருளும் 4 பென்ஸ் வரியும்

எங்கள் டிப்போவில் 31 வருடம் பஸ் ஓட்டிய ஒருவர் போன மாதம் ஓய்வு பெற்றார். கேண்டீனில் உறை ஒன்றைச் சுற்றுக்கு விட்டதில் 62 பவுண்ட் சேர்ந்தது. "கம்ப்யூட்டர் தெரிந்தவன் நீதான், ஏதாவது பார்த்து வாங்கு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவருடைய குடும்பப் பெயர் மர்கட்ராய்ட். இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில் இருக்கிற இந்த ஹாலிஃபாக்ஸுக்கு வந்த புதிதில் டியூட்டி ஷீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து, ஏதோ மூட்டுவலி மாத்திரை என்றுதான் நினைத்தேன். அவ்வளவு அபூர்வமான பெயர் உள்ளவருக்கு அந்தப் பெயரையே பரிசாகக் கொடுத்தால் என்ன? அப்படித் தோன்றித்தான் இந்தச் சுருளை ஆர்டர் செய்தேன். "உங்கள் குடும்பப் பெயரின் வரலாறும் குலச்சின்னமும்", பழைய தோல் ஏடு மாதிரித் தாளில், சட்டத்தோடு. விலை 39.99, தபால் செலவு 4.95. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சரக்கை இதே மாதிரி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் எழுதுவது அந்தச் சரக்கைப் பற்றி.

முதலில் பொருள். ஒன்பது நாளில் வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் நல்ல கனம், கறுப்பு மர நிறம், மூலைகள் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தன. கண்ணாடி என்று போட்டிருந்தது அக்ரிலிக். வலது மூலையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. தாளில் மஞ்சள் கறை, எரிந்த விளிம்பு எல்லாம் அச்சடித்த கறையும் அச்சடித்த எரிச்சலும்தான். கீழே சிவப்பு அரக்கு முத்திரை ஒன்று. விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது, அதுவும் அச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. இதுவரைக்கும் ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுத்திருப்பேன்.

அப்புறம் படித்தேன்.

முதல் பத்தியிலேயே 1066 வந்துவிட்டது, பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த வருடம். வில்லியம் மன்னரோடு நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்த வீரன் ஒருவன், அவன் வாளுக்குக் கிடைத்த நிலம், அந்த நிலத்தின் பெயரே குடும்பத்தின் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயரின் வாலைப் பிடித்துப் பார்த்தாலே கதை கவிழ்ந்துவிடும். 'ராய்ட்' என்பது பிரெஞ்சு இல்லை. மரம் வெட்டித் திருத்திய நிலத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த 'ரோட்' என்ற சொல்லின் மேற்கு யார்க்ஷயர் உச்சரிப்பு அது. நம் ஊர்ப் பேச்சில் காடு திருத்துவது என்கிறோமே, அதேதான். ஓக் மரக் காட்டைத் திருத்திய இடம் அக்ராய்ட், பள்ளத்தில் திருத்திய இடம் ஹோல்ராய்ட். ஹெப்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மிதம்ராய்ட் என்று ஊரே இருக்கிறது.

ரோட் எப்படி ராய்ட் ஆயிற்று என்பதை எந்தச் சுருளும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, தினமும் பஸ்ஸில் கேட்கிறேன். வீட்டோடு ஒட்டிய நிலக்கரி அறைக்குப் பொது ஆங்கிலத்தில் 'கோல் ஹோல்' என்று பெயர். இங்கே வயதானவர்கள் சிலர் இன்னும் 'கொய்ல் ஹொய்ல்' என்பார்கள். அந்த 'ஓ' வளைந்து 'ஒய்' ஆகிற இடத்தில்தான் ரோடும் ராய்ட் ஆனது. நார்மண்டி வீரன் இந்த மலைச்சரிவு உச்சரிப்பை எங்கே போய்க் கற்றான்?

பெயரின் முன்பாதி இன்னும் சுவாரசியம். மூர், கேட், ராய்ட் என்று பிரித்து, புல்வெளிப் பாதையோரம் திருத்திய நிலம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சுருளும் இரண்டாம் பத்தியில் போகிறபோக்கில் அதைத் தொட்டிருக்கிறது (முதல் பத்தி வீரன் அதற்குள் எங்கே போனான் என்று கேட்காதீர்கள்). ஹாலிஃபாக்ஸ் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பீஸ் ஹால் பக்கத்தில் இருக்கிற புதுக் கட்டடம், செலவு பூஜ்ஜியம். 1379ஆம் வருடத் தலைவரிப் பட்டியலின் அச்சுப் பதிப்பைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில் பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் திரட்டப் போட்ட வரி. ஏழைபாழைக்குக் கீழ்மட்ட விகிதம் ஒரு குரோட், அதாவது 4 பென்ஸ். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே தொகை. மேற்கு ரைடிங் என்ற யார்க்ஷயரின் மேற்குப் பகுதிக்கான பட்டியல் நல்லபடியாகத் தப்பிப் பிழைத்திருப்பதால், யார்க்ஷயர் பெயர்களைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் முதல் படிக்கட்டு.

அதில் இருக்கிறார் நம் ஆள். லத்தீனில் 'யோஹன்னஸ் மெர்க்ரெட்ரோட்', அதாவது ஜான், கூடவே மனைவி. அந்த எழுத்துக்கூட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெர்க்ரெட். மார்கரெட். மூரும் இல்லை, கேட்டும் இல்லை; மார்கரெட் என்ற ஒருத்தியின் பெயரில் இருந்த திருத்து நிலம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. 640 வருடத்துக்கு முன்னால் ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான், பின்னால் வந்தவர்களின் ஊகத்தைவிட அவன் காதைத்தான் நம்புவேன். ஒன்று மட்டும் உறுத்தியது. குடும்பத்தின் பெயருக்குள்ளேயே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பட்டியலில் ஜானின் மனைவிக்கு 'மனைவி' என்பதைத் தவிரப் பெயரே கிடையாது.

சுருளில் விட்டுப்போன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. ஹாலிஃபாக்ஸில் துணி வியாபாரத்தில் பணம் பார்த்த ஜேம்ஸ் மர்கட்ராய்ட் என்பவர் 1630களில் கீத்லி பக்கம் ஈஸ்ட் ரிடில்ஸ்டன் ஹால் என்ற மாளிகையை வாங்கி, அடுத்த பத்தாண்டில் இடித்துக் கட்டினார். இப்போது நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மும்முரமாக நடந்த காலத்தில் மனிதர் மன்னர் கட்சி. முதலாம் சார்லஸ், ராணி இருவரின் தலைகளையும் கல்லில் செதுக்கி, பிரெஞ்சில் 'மன்னர் வாழ்க' என்று பொறித்து வைத்திருக்கிறார். நெஞ்சழுத்தம்தான். அவருக்குப் பின்வந்தவர்கள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, வீட்டை ஒட்டி ஓடிய ஏர் ஆறே தன் பாதையை மாற்றிக்கொண்டு விலகிப் போனது என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். ஆறு முகம் திருப்பிக்கொண்ட குடும்பம்! இதை விட்டுவிட்டு யாரோ முகம் தெரியாத வீரனின் வாளைப் போட்டிருக்கிறார்கள்.

சுருளில் பிசகில்லாத ஒரே பத்தி மூன்றாவதுதான். 1887இல் லண்டன் சவாய் தியேட்டரில் கில்பர்ட்டும் சல்லிவனும் போட்ட இசை நாடகத்தில் சாபம் பிடித்த பிரபு பரம்பரைக்கு இந்தப் பெயர் வைத்தது, பிறகு அமெரிக்க கார்ட்டூனில் இளஞ்சிவப்பு மலைச்சிங்கம் 'ஹெவன்ஸ் டு மர்கட்ராய்ட்' (நம் 'அட கடவுளே' மாதிரி) என்று அலறியே பெயரை உலகமெல்லாம் பரப்பியது. பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கோடிக்கணக்கில், பெயரை வைத்திருப்பவர்கள் கைப்பிடி அளவு. இப்படியும் ஒரு பெயர்.

சரி, எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்? சுருளின் அடியில் கட்டம் கட்டி ஓர் எண் போட்டிருந்தது. எந்த வருடம், எந்த நாடு, எந்த எழுத்துக்கூட்டு, ஒன்றும் இல்லை. குடும்பப் பெயர் எண்ணிக்கையில் இந்த மூன்றும் இல்லாத எண், நிறுத்தத்தின் பெயர் போடாத டைம்டேபிள் மாதிரி. இங்கே உருப்படியான எண்கள் இரண்டு மூன்று இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்று, 1881 ஏப்ரல் 3 இரவுக் கணக்கெடுப்பு. குடும்ப வரலாற்றுச் சங்கத் தன்னார்வலர்கள் அதை முழுதாக எழுதியெடுத்துவிட்டதால், பழைய பரவலைக் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கின்றன. அந்த வருடம் பிரிட்டனில் ஸ்மித் மட்டும் நாலு லட்சத்துக்கு மேல். எல்லா ஊரிலும் ஒரு கொல்லர் இருந்தார், அதனால் எல்லா ஊரிலும் ஒரு ஸ்மித் முளைத்தார். மர்கட்ராய்ட் அப்படி இல்லை. ஒரே ஒரு திருத்து நிலம், அதிலிருந்து கிளைத்த குடும்பம். 1881 வரைபடத்தில் ஹாலிஃபாக்ஸ், கீத்லி, பிராட்ஃபோர்டு பக்கம் அடர்ந்து, மற்ற இடங்களில் வெளிறிக் கிடக்கிறது.

இன்னொன்று, 2002 செப்டம்பரில் அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தின் தரவிலிருந்து எடுத்த இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியல். ஐந்து பேருக்குக் குறைவான பெயர்களை விட்ட பிறகும் சுமார் 2,70,000 பெயர்கள். ஆனால் அதில் இறந்தவர்களும் இருக்கிறார்கள், தட்டச்சுப் பிழைகளும் தனிப் பெயர்களாக உட்கார்ந்திருக்கின்றன. வாக்காளர் பட்டியலிலிருந்து எண்ணுகிறவர்களுக்கு வேறு தலைவலி: அதே 2002 வாக்கில் வெளியே விற்கும் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளும் வசதி வந்தது, அதிலிருந்து எண்ணிக்கை குறைந்துதான் தெரியும். இதற்கு மேல் மர்கிட்ராய்ட் என்று 'இ' போட்டு எழுதுகிற கிளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி. ஓர் அபூர்வப் பெயரில் இந்த ஓர் எழுத்து கணக்கையே மாற்றிவிடும்; ஸ்மித்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

குலச்சின்னத்துக்கு வருவோம். கேடயம், சிங்கம், மேலே இரும்புத் தொப்பி. இங்கிலாந்துச் சட்டப்படி ஒரு பெயருக்கென்று சின்னமே கிடையாது. 1484இல் தொடங்கிய லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் ஒரு நபருக்குச் சின்னம் வழங்கும். அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு அது போகும். அதே பெயர் இருப்பதாலேயே வேறு யாரும் அதை எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது.

எனக்கு வந்த சந்தேகத்தில் அதே கடையின் தேடல் பெட்டியில் என் சர்நேமைப் போட்டேன். என் சர்நேம் என்பது என் அப்பாவின் பெயர், சிவஞானம். பாஸ்போர்ட் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று அதில் போய் உட்கார்ந்தது. என் மகளுக்கு என் பெயர் சர்நேம். ஆக எங்கள் வீட்டில் பரம்பரை என்றால் ஒரு தலைமுறை. அரை விநாடி சுழன்றுவிட்டு, "சிவஞானம் குடும்பத்தின் பழம்பெரும் சின்னம், 39.99" என்று காட்டியது. அதே சிங்கம். அப்பா தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் விற்றவர்.

கடைக்கு மின்னஞ்சல் போட்டேன். நான்கு நாள் கழித்து மரியாதையான பதில்: இது மகிழ்ச்சிக்கான நினைவுப் பொருள், தனி மனிதர்களின் வம்சாவளி ஆராய்ச்சி அல்ல, பெயர் அச்சான பொருளைத் திரும்ப எடுப்பதில்லை. பொருள் விவரத்தில் ஆறாவது வரியில் சின்ன எழுத்தில் அதுவும் இருக்கத்தான் செய்கிறது. நான் படிக்கவில்லை.

இதே வேலையை ஒழுங்காகச் செய்ய நினைப்பவர்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 2016இல் நான்கு தொகுதிகளில் வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதியை ஒரு நல்ல நூலகத்தில் கேளுங்கள். 45,000க்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் 1881 எண்ணிக்கை, 2011 எண்ணிக்கை, எந்தப் பகுதியில் அடர்த்தி, பழைய ஆவணத்தில் முதலில் யார் என்று வரிசையாக இருக்கும். சிங்கம் இருக்காது. 1837 ஜூலைக்குப் பிறகான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் குறியீட்டைத் தன்னார்வலர்கள் இணையத்தில் இலவசமாகவே ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு முந்திய காலத்துக்கு 1538இலிருந்து தொடங்கும் தேவாலயப் பதிவேடுகள்.

பிரிவுபசார நாளில் சுருளைக் கொடுத்தேன், பக்கத்தில் தலைவரிப் பக்கத்தின் நகலையும் ஓர் உறையில் வைத்து. மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தார். "குதிரை மேல் வந்தவனா? எங்கள் ஆட்களுக்குக் குதிரைக்கு லாடம் அடிக்கவே காசு இருந்திருக்காது" என்றார். உறையைப் பிரித்ததும் சத்தம் நின்றது. விரலை அந்த வரியில் வைத்து, "4 பென்ஸ் கட்டியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது ஹாலில் அந்தச் சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே நகல். சுருள் எங்கே என்று கேட்டேன். சமையலறை மேஜையில், டார்ட்ஸ் ஸ்கோர் எழுத, பின்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். தாள் நல்ல தடிமன், பேனா மை மறுபக்கம் இறங்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார், இரண்டும் சட்டத்துக்கு.