சோலார் பற்றரிக்கு யூஎஸ்பி ஆர்எஸ்485 வயர்: வாங்கலாமா?

சோலார் பற்றரிக்குள்ள இருக்கிற கணக்கக் கம்பியூட்டருக்குக் கொண்டு வாற வயர்தான் இந்த யூஎஸ்பி ஆர்எஸ்485. உப்புவெளிப் பக்கம் சோலார் போட்ட ஆக்கள் வாங்கிப் பாருங்கோ, விலைக்கு நல்ல சாமான். இன்வேட்டரோட வாற அப் இருக்குத்தானே எண்டு கேப்பீங்கள், அது அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காத்தான் மாறும், நெட் போனா அதுவும் இல்ல, உங்கட வீட்டுப் பற்றரியப் பாக்க வெளிநாட்டு சேவருக்குப் போய் வரோணும், என்ன கூத்து இது.

இந்த வயர ராஸ்பெரி பை எண்ட குட்டிக் கம்பியூட்டர்ல குத்தி, பைதன் மொழில, பற்றரியோட கதைக்கிற மினிமல்மோட்பஸ் எண்ட லைப்ரரியப் போட்டு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினா போதும், நிமிசத்துக்கொருக்கா வோல்ட், அம்பியர், சூடு எல்லாம் ஃபைல்ல விழும். ஏ, பி எண்ட ரெண்டு கம்பியும் மாறினா பற்றரிட்ட இருந்து பதில் வராது, மாத்திப் பூட்டுங்கோ.

என்ர பற்றரில 5312 எண்டு வந்தா 53.12 வோல்ட். கரண்ட் வெளிய போகேக்க 65516 எண்டு பேய்க்கணக்கா வரும், பயப்படாதீங்கோ, 65536ஐக் கழிச்சா மைனஸ் 20, பத்தால பிரிச்சா மைனஸ் 2, அதாவது 2 அம்பியர் வெளிய போகுது. ஆனா எந்தக் கணக்கு எந்த இடத்தில இருக்கு எண்டு சொல்லுற ரெஜிஸ்டர் நம்பர் கொம்பனிக்குக் கொம்பனி வேற, வித்த கடைல கேட்டா முழிக்கினம்.

லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேட் பற்றரில, நிறையவும் இல்லாம காலியாவும் இல்லாம நடுவில இருக்கேக்க வோல்ட் பெரிசா அசையாது, அதால வோல்ட்ட வச்சு எத்தின வீதம் மிச்சம் எண்டு சொல்லேலாது, உள்ளுக்க இருக்கிற 16 செல்லுக்கும் இடையில வோல்ட் வித்தியாசம் கூடுதா எண்டு பாருங்கோ, அதுதான் முக்கியம்.

குறை எண்டா கம்பியப் பூட்டுற ஸ்குரூ டெர்மினல்தான், கடல்காத்துக்குப் பச்சை பிடிக்குது. அஞ்சுக்கு நாலு.