மொட்டைமாடியில் பைப் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். தரை ரோட்டு மட்டத்துக்கு ஏழடி கீழே. வேலை பார்க்கும் ஐந்து பெண்களும் டாய்லெட்டுக்குப் படியேறி எங்கள் வீட்டுக்குள்தான் வர வேண்டும். கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும், கீழேயே ஒன்று கட்டிவிட முடிவெடுத்தேன்.

கான்ட்ராக்டர் ரூ.1,85,000 பேசினார். செப்டிக் டேங்கின் வாய் கீழ்த்தரையைவிட நாலடி உயரம். கழிவு தானாகப் போகாது, குழி கட்டி பம்ப் வைத்துத்தான் தள்ள வேண்டும் என்றார். அதுவரை சரி. கழிவுநீர் பம்ப், தள்ளிய கழிவு திரும்பி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு, குழிக்குள் காற்று வந்துபோக மாடி வரை 40 அடி வென்ட் பைப் எல்லாம் பில்லில் இருந்தன. மாடியில் மூடி போட்ட பைப் நிற்பதைப் பார்த்து முழுப் பணமும் கொடுத்தேன்.

முதல் வாரமே பம்ப் ஓடும்போதெல்லாம் ட்ராப்பில், அதாவது டாய்லெட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில், களக் களக்கென்று சத்தம். "புது லைன் அக்கா, போகப்போக சரியாயிடும்" என்றார். அப்புறம் நாற்றம். ஒரு திங்கட்கிழமை பட்டறையைத் திறந்தால், சனிக்கிழமை பாலிஷ் போட்டுத் தட்டில் வைத்த 12 ஜோடி கொலுசும் மங்கிக் கிடந்தன. முத்துகளின் ஓரம் மஞ்சள், நடுவில் நீலம் ஓடிய கறுப்பு. சாக்கடை வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைக் கறுக்க வைக்கும். அதே காற்றைத்தானே அந்தப் பெண்கள் நாள் முழுக்கச் சுவாசித்தார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போய், டேங்க் நிறைந்து, கழிவு பம்ப் தள்ளும் அதே பைப் வழியாகத் திரும்பிக் கீழே கணுக்கால் அளவுக்கு நின்றது. கான்ட்ராக்டர் ஒரு பையனைக் கூட்டிவந்து குழிக்குள் இறங்கச் சொன்னார். நான் விடவில்லை. அந்த வாயு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாசனை தெரியாது. ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. அன்றைக்குப் போனவர், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

வேறொரு வயதான பிளம்பரைக் கூப்பிட்டேன். நேரே மாடிக்குப் போய் அந்தப் பைப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் இறங்கவே இல்லை, விளிம்பு வரை நின்றது. பிடித்து ஆட்டினார்; மூன்றடித் துண்டு கையோடு வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் சிமென்ட் வைத்து ஒட்டிய வெறும் துண்டு. உண்மையான பைப் குழியிலிருந்து ஆறடி ஏறி, மாடிப்படிக்கு அடியில் முடிந்திருந்தது, வாயில் சிமென்ட் சாக்கு திணித்து. பம்ப் இழுக்கும்போது குழிக்குள் காற்று வர வழியில்லை. அதனால் ட்ராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீரையே உறிஞ்சியிருக்கிறது. வாயுவைத் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். என்.ஆர்.வி. வைக்கவே இல்லை. பம்பும் கழிவுநீர் பம்ப் இல்லை, நல்ல தண்ணீர் இறைக்கும் பம்ப்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் சுவரைப் பூசுவதற்கு முன்பே வென்ட் பைப்பைக் குழியிலிருந்து மாடி வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள், ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுங்கள். குழி மூடி காற்றுப் புகாமல் இறுக வேண்டும். பம்ப் தள்ளும் பைப் ரோட்டு மட்டத்துக்கு மேலே ஏறி, வளைந்து இறங்கட்டும். அதில் வால்வும் இருக்கட்டும். டாய்லெட் பேசினிலிருந்து குழிக்குப் போகும் நாலு அங்குல பைப்புக்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு கேளுங்கள். மேல்வீட்டு டாய்லெட்டை இந்தக் குழியில் சேர்க்க விடாதீர்கள், அது தானாகவே டேங்குக்குப் போகும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மாடிக்கு ஒரு சொம்புத் தண்ணீரோடு போங்கள்.

சேலம் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப்போகிறேன். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அந்த மூன்றடித் துண்டை பில்லோடு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.